கல்லூரியில் தொடங்கிய கம்பெனியை யார் மூடுவது?

புதிதாகக் கம்பெனி தொடங்க வரும் மாணவர்களைவிட, படிக்கும் காலத்தில் தொடங்கியதை மூட வழி கேட்டு வருகிறவர்களே ஆடிட்டராகிய என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு தம்பியின் கோப்பில் லேமினேஷன் செய்த பதிவுச் சான்றிதழும் காலாவதியான டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் மட்டுமே இருந்தன. இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்த செயலியை நம்பி மூன்று நண்பர்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு மூவருக்கும் வேலை கிடைத்துவிட, செயலி நின்றுபோனது. சட்டத்தின் கணக்கில் கம்பெனி மட்டும் தொடர்ந்து உயிரோடு இருந்தது.

ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் நடக்காவிட்டாலும், 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஆடிட்டரை நியமித்து, கணக்கைத் தணிக்கை செய்து, நிதிநிலை அறிக்கையையும் ஆண்டு விவர அறிக்கையையும் ஒவ்வோர் ஆண்டும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். இரண்டு படிவங்களுக்கும் சேர்த்து ஓராண்டுத் தாமதத்துக்கு 73,000 ரூபாய். தொடர்ந்து 3 நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், அச்சட்டத்தின் 164(2) பிரிவின்படி அதன் இயக்குநர்கள், இயக்குநராக நியமிக்கப்படும் தகுதியை 5 ஆண்டுகளுக்கு இழப்பார்கள். 2017இல் இந்தியா முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படித் தகுதியிழந்தார்கள். இருபத்தைந்து வயதில் உண்மையிலேயே நல்ல யோசனையோடு வருகிற ஒருவர், இந்தப் பழைய பாக்கியால் புதிய கம்பெனியில் கையெழுத்திட முடியாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

மூலதனத்திலும் மாணவர்கள் தவறுகிறார்கள். குறைந்தபட்ச மூலதனம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதி 2015லேயே நீக்கப்பட்டுவிட்டது. 10,000 ரூபாயில்கூடத் தொடங்கலாம். ஆயினும் பார்க்கக் கௌரவமாக இருக்கட்டும் என்று 1 லட்சம் ரூபாய்ப் பங்குகளை எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்திட்டுவிட்டு, அந்தப் பணத்தை வங்கியில் போடாமலே விட்டுவிடுகிறார்கள். பங்குப் பணம் வந்துவிட்டது என்று, கம்பெனி பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் ஐஎன்சி-20ஏ படிவத்தில் உறுதிமொழி தர வேண்டும். தராவிட்டால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், இயக்குநர்களுக்குத் தனி.

இன்னும் வாடிக்கையாளரே கிடைக்காத நிலையில் கம்பெனி எதற்கு என்று நான் கேட்பதுண்டு. உங்கள் பொருளைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் கட்டத்துக்குத் தனிநபர் நிறுவனமும் சிறுதொழில்களுக்கு அரசு தரும் கட்டணமில்லாத உத்யம் பதிவுமே பெரும்பாலும் போதும். இருவர் மூவராகச் சேர்ந்து செய்தால் எல்எல்பி எனும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும் கூட்டாளிகள் போடும் பங்களிப்பு 25 லட்சம் ரூபாயையும் தாண்டாதவரை அதற்குக் கட்டாயத் தணிக்கை இல்லை, ஆனால் ஆண்டுப் படிவங்கள் உண்டு. பங்கு வாங்க முதலீட்டாளர் முன்வரும்போது பிரைவேட் லிமிடெட்டுக்குப் போகலாம்.

பதிவுக்கு முன் உங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். நட்புக்குள் எழுத்து எதற்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மூவரும் சமமாகப் பங்கைப் பிரித்துக்கொண்டு, ஆறே மாதத்தில் ஒருவர் மேற்படிப்புக்குப் போய்விட்டால், உழைக்காத பங்கு அவரிடமே தங்கிவிடும். ஆகவே பங்குகள் நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும் என்றும், முதலாண்டுக்குள் விலகுகிறவர் முழுவதையும் திருப்பித் தருவார் என்றும் எழுதுவது வழக்கத்தில் உள்ள முறை. செயலியின் நிரலும் வணிகப் பெயரும் யாருக்குச் சொந்தம் என்பதும் அதில் இருக்க வேண்டும். கம்பெனியின் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் ஒருவருடைய சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள். நான் சொன்ன தம்பியின் கம்பெனிக்கு ஓடிபி வரவேண்டிய எண், வெளிநாடு போன நண்பருடையது. அவர் அதை எப்போதோ கைவிட்டிருந்தார்.

தொழில் நின்றுவிட்டால் உடனே முறைப்படி மூடிவிடுங்கள். கடன்களைத் தீர்த்து, வங்கிக் கணக்கை முடித்து, நிலுவைப் படிவங்களைத் தாக்கல் செய்து, 10,000 ரூபாய் கட்டணத்துடன் எஸ்டிகே-2 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இயக்குநர் ஒவ்வொருவரும் பிரமாணப் பத்திரமும் இழப்பீட்டுப் பத்திரமும் தர வேண்டியிருப்பதால், மூவரும் ஒரே ஊரில் இருக்கும்போதே, வேலைக்கான கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே, ஆடிட்டரிடம் வந்து சொல்லிவிடுங்கள்.