காது இரைச்சல்: வளரிளம் பருவத்தினர் வெளியில் சொல்லாத தொல்லை

"ராத்திரி தூங்குவதில்லை, படிப்பில் கவனம் நிற்பதில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல்" என்று சொல்லித்தான் பெற்றோர் பெரும்பாலும் பிள்ளையை அழைத்து வருகிறார்கள். காதில் ஓயாமல் ஓர் ஒலி கேட்டுக்கொண்டிருப்பதை அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லியே இருக்காது. எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். சொன்னால் தனக்கு மூளை பிசகிவிட்டது என்பார்களோ என்று அஞ்சுபவர்களும் உண்டு. யாரோ பேசுவதுபோல் குரல்கள் கேட்பது வேறு, இந்த இரைச்சல் வேறு என்று விளக்கியதும் அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரயில் எஞ்சின்போல் இரைகிறது என்று அழுத பதின்வயதுப் பெண் ஒருத்தியை ஒலிகாப்பு அறையில் உட்கார வைத்து, ஹெட்போனில் மெல்லிய ஒலியைக் கொடுத்துச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். "இதேதான், இவ்வளவுதான்" என்று அவள் கை தூக்கிய இடம், அவளால் கேட்க முடிந்த மிகச் சன்னமான ஒலியைவிடச் சில டெசிபல்தான் அதிகம். அவள் மிகைப்படுத்தவில்லை. இரைச்சலின் அளவும் அது தரும் வேதனையும் ஒன்றாகப் போவதில்லை. அந்த ஒலியை மூளை ஆபத்தாக எடுத்துக்கொண்டால், உணர்ச்சிகளை ஆளும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் கலைகிறது, கவனம் மேலும் மேலும் அந்த ஒலியின்மீதே போகிறது. காது இரைச்சலை ஆராய்ந்த நரம்பியல் அறிஞர் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் 1990இல் முன்வைத்த இந்த விளக்கம்தான் இன்றைய சிகிச்சைகள் பலவற்றுக்கு அடிப்படை. தேர்வு பயமோ மனச்சோர்வோ ஏற்கெனவே இருந்தால், நேற்றுவரை பொருட்படுத்தாத ஒலிகூட இன்று தாங்க முடியாததாகிவிடும்.

எனவே காதை மட்டும் பார்ப்பதும் மனதை மட்டும் பார்ப்பதும் அரைகுறை வைத்தியம் என்பேன்.

இரைச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம் அதிக சத்தம். அது உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்களைச் சிதைக்கிறது. மனிதர்களுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 100 டெசிபல் என்றால் வெறும் 20 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காதுக் குரும்பி, நடுக்காதுத் தொற்று, சில மருந்துகள், தாடை இறுக்கம் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ தள்ளிப்போட வேண்டாம். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே போங்கள்.

"எல்லாம் பழகிவிடும், சும்மா இரு" என்று பிள்ளையிடம் சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது அவர்கள் வாயை அடைத்துவிடும். வேதனையைக் குறைப்பதில் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சை) நல்ல சான்றுகள் இருக்கின்றன. படுக்கையறையில் மின்விசிறியின் ஓசையோ மெல்லிய மழைச் சத்தமோ இருக்கட்டும். முழு நிசப்தத்தில் இரைச்சல்தான் துலக்கமாகக் கேட்கும். அதே காரணத்தால், அமைதியான அறையிலும் காதை அடைத்துக்கொண்டிருப்பது நிலைமையை மோசமாக்கும். வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு, "இரைச்சல் போய்விட்டதா?" என்று தினமும் கேட்காதீர்கள். கேட்கும்போதெல்லாம் பிள்ளை அதைத் தேடிப் பார்க்கும். நன்றாகத் தூங்கினாயா, நண்பர்களோடு விளையாடப் போனாயா என்று கேளுங்கள். முன்னேற்றம் முதலில் அங்கேதான் தெரியும்.