மின்வெட்டு இரவும் மொய்ங்கா மீனும்

தமிழில் ங என்ற எழுத்துக்கு வேலை குறைவு. அரிச்சுவடியில் ங, ஙா, ஙி, ஙீ என்று எழுதிப் பழகுவதோடு சரி. அதற்கப்புறம் ஙாவில் தொடங்கும் ஒரு சொல்லை எழுத வாழ்நாளில் வாய்ப்பு வராது. ரங்கூனில் பிறந்த எங்களுக்கு அந்தக் குறை இல்லை. பர்மிய மொழியில் மீனுக்கே ஙா என்றுதான் பெயர். தெயின்ஜி சந்தையில் நுழைந்தால் ஙா கூ, ஙா ஜீ, ஙா பட் என்று தட்டுத்தட்டாக ஙாதான்.

ஙா கூவும் ஙா ஜீயும் மொய்ங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸுக்குப் போகிற கெளுத்தி மீன்கள். வேகவைத்து, முள் எடுத்து, மசித்து, வாழைத்தண்டும் வறுத்த அரிசி மாவும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் காலைச் சாப்பாடு தயார். எங்கள் வீட்டு மீன்தொட்டி தொடங்கியதும் அப்படித்தான். அம்மா மொய்ங்காவுக்காக அரை வீசை ஙா கூ வாங்கிவந்தார் (இங்கே இன்னும் வீசைக் கணக்குதான்). அதில் இரண்டை நான் ஒளித்து வைத்தேன். "குழம்புக்கு வாங்கின மீனுக்கு வீடு கட்டிக் குடுக்குற பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றார். ஒரு மீனைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு விளங்காத விஷயம் ஒன்று. பக்கத்துத் தட்டில் ரோகு மீன் ஐஸ்கட்டிமேல் செத்துக் கிடந்தது. ஙா கூவோ விரல்கடை ஆழத் தண்ணீரில், ஒன்றின்மேல் ஒன்றாக நெளிந்தபடி மணிக்கணக்காக உயிரோடு இருந்தது. எப்படி?

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருப்பது ஐந்து, ஐந்தரை மில்லிலிட்டர்தான். குளம் வற்றிச் சேறாகும் சித்திரையில் அதுவும் இராது. அப்படியானால் தண்ணீரைவிட்டு வெளியே வந்த மீனுக்குக் கொண்டாட்டமாக அல்லவா இருக்க வேண்டும்? நீளக் கூந்தலைத் தண்ணீருக்குள் விட்டால் இழை இழையாக விரிந்து கிடக்கும், வெளியே எடுத்தால் ஒரே சடையாக ஒட்டிக்கொள்ளும். செவுளுக்கும் அதே கதிதான். காற்றுக்கு வந்ததும் இழைகள் ஒட்டிப்போய், மூச்சு வாங்கும் பரப்பு சுருங்கிவிடுகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுமுட்டிச் சாகிறது.

ஙா கூ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அடுத்த முறை வீட்டில் மீன் கழுவும்போது செவுள் மூடியைத் தூக்கி, செவுளுக்கு மேலே இருக்கும் பொந்தில் விரலை விட்டுப் பாருங்கள். சிவப்பாக, சின்னப் பவளக்கொத்து மாதிரி ஒன்று கையில் தட்டும். இரண்டாவது, நான்காவது செவுள் வளைவுகளிலிருந்து கிளைத்து வளர்ந்த மரம் அது. உள்ளே குருத்தெலும்பு தாங்குவதால் காற்றில் ஒட்டிப்போகாது. மேலே தோல் மெல்லியது, அடியில் ரத்தக் குழாய்கள் நெருக்கமானவை. மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி இந்த அறையில் அடைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் இங்கிருந்து ஏறுகிறது. கரியமில வாயு மட்டும் பெரும்பாலும் பழையபடி செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே இழுக்க ஒரு கதவு, வெளியே தள்ள இன்னொரு கதவு.

ஙா ஜீ வேறு வழியில் போனது. அதற்கு மரம் கிடையாது. செவுள் அறையிலிருந்து இரண்டு நீளப் பைகள் முதுகெலும்பின் இருபுறமும் தசைக்குள் புகுந்து, கிட்டத்தட்ட வால்வரை ஓடுகின்றன.

இந்த இரண்டையும் தட்டில் வைத்துப் பிரித்தறிவது சுலபம். இரண்டும் வழவழப்பு, இரண்டுக்கும் நான்கு ஜோடி மீசை. முதுகைப் பாருங்கள். ஙா கூவுக்கு முதுகுத் துடுப்பு கழுத்துக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வால்வரை ஓடும். ஙா ஜீக்கு முன்பக்கம் நகத்தளவு சின்னத் துடுப்போடு முடிந்துவிடும். அடிப்பக்கத் துடுப்பு மட்டும் நீளமாக இருக்கும். ஙா ஜீதான் நம் ஊர்த் தேளி. 1794-இல் பிளாக் என்ற ஜெர்மானியர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, கையில் இருந்த மீன் எங்கிருந்து போனது தெரியுமா? தரங்கம்பாடியிலிருந்து. அவர் வைத்த ஃபாசிலிஸ் என்ற சொல்லுக்கு "தோண்டி எடுக்கப்பட்டது" என்று பொருள். வற்றிய குளத்துச் சேற்றைத் தோண்டிப் பிடிக்கும் மீனுக்குப் பொருத்தமான பெயர். என் பாட்டனார் கப்பலேறியதும் அந்தப் பக்கத்துக் கடற்கரையிலிருந்துதான் என்பதால் இந்த மீன்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம்.

பாசம் இருந்தாலும் வெறுங்கையால் தொடமாட்டேன். மார்புத் துடுப்பின் முன்னால் இருக்கும் முள்ளில் விஷம் இருக்கிறது. கலவரப்பட்டால் மீன் அந்த முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் மடங்காது. அப்பாவுக்கு ஒருமுறை கட்டைவிரலில் குத்தி, தோள்வரை கடுத்தது. தேளி என்று பெயர் வைத்தவர் கொட்டு வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும். விஷம் புரதம், சூட்டில் கெடும். ஏறக்குறைய 45 டிகிரி, அதாவது தோல் பொறுக்கிற சூடுள்ள வெந்நீரில் அரைமணி நேரத்துக்குமேல் கையை வைத்திருந்தால் வலி தணியும். குத்திய கை மரத்திருக்கும், அதனால் சூட்டை மற்றக் கையால் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மற்ற கெளுத்திகளுக்கும் துடுப்பும் மீசையும்தான் அடையாள அட்டை. வால் இரண்டாகப் பிளந்து, முதுகில் முள் துடுப்புக்குப் பின்னால் சதைத் திட்டு மாதிரி இன்னொரு துடுப்பு இருந்தால் அது சாதாரணக் கெளுத்திக் குடும்பம். முதுகுத் துடுப்பு பேருக்குத் துளியூண்டு, அடித்துடுப்பு மிக நீளம், மீசை இரண்டே ஜோடி என்றால் வாளைக் குடும்பம். ஙா பட் இந்த வகை. நிறத்தை நம்பாதீர்கள், தொட்டியின் அடித்தரைக்கும் மீனின் பயத்துக்கும் ஏற்ப அது மாறும்.

மீசை என்கிறோமே தவிர, அது நாக்கு. கெளுத்திகளுக்குச் சுவை மொட்டுகள் வாயில் மட்டுமல்ல, மீசையிலும் உடம்புத் தோல் முழுவதிலும் இருக்கின்றன. அமெரிக்க மஞ்சள் கெளுத்தி ஒன்றின் உடம்பில் லட்சத்துக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். காதும் கூர்மை. காற்றுப்பையின் அதிர்வை உள்காதுக்குக் கடத்தும் குட்டி எலும்புச் சங்கிலி ஒன்று உண்டு, 1820-இல் வேபர் என்ற ஜெர்மானியர் விவரித்தது. இதற்கும் மேலே ஒன்று: 1917-இல் பார்க்கர், வான் ஹூசன் என்ற இருவர் கண்ணைக் கட்டிய கெளுத்தியின் அருகே கண்ணாடிக் கோலை நீட்டினார்கள். தொடும்வரை மீனுக்குத் தெரியவில்லை. உலோகக் கோலை நீட்டியபோது தொடுமுன்பே அசைந்தது. தண்ணீரில் உலோகம் உண்டாக்கும் நுண்ணிய மின்சாரத்தை அது உணர்ந்திருக்கிறது.

தொட்டி வைப்பவருக்கு இதெல்லாம் கதையல்ல, வேலை. கூர்மையான ஜல்லி போட்டால் மீசை தேய்ந்து புண்ணாகும், நாக்கை உப்புத்தாளில் தேய்த்த மாதிரி. நைசான ஆற்றுமணல் போடுங்கள். கண்ணாடியைத் தட்டி விளையாடும் விருந்தாளிப் பிள்ளைகளைத் தள்ளி உட்காரவையுங்கள். செதில் கவசம் இல்லாத தோல் என்பதால் மாலகைட் பச்சை, தாமிர மருந்து எதையும் புட்டியில் போட்ட அளவில் ஊற்றாதீர்கள், பாதியில் தொடங்குங்கள். ஙா கூ, ஙா ஜீ தொட்டிக்குக் கனமான மூடி கட்டாயம். ஆனால் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி மூடக்கூடாது. மேலே நாலு விரற்கடை காற்று இருக்கட்டும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால் மீனே நீரில் மூழ்கிச் சாகும் அதிசயம் இங்கே நடக்கும்.

மின்வெட்டு இரவுக்கு வருகிறேன். வடக்குப் பர்மாவின் மிச்சினா பக்கமிருந்து வந்த நண்பர் ஒருவர் மலையோடைக் கெளுத்தி ஐந்து கொண்டுவந்து கொடுத்தார். விரல் நீளம், பழுப்பு. கண்ணாடியில் ஒட்டியபோது அடிப்பக்கம் தெரிந்தது. மார்பில் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாகத் தோல். பாயும் ஓடையில் அந்த மடிப்புகள்தான் அதைப் பாறையோடு பிடித்து வைக்கின்றன. கிளிப்டோதோராக்ஸ் என்ற பேரினம். 1929-இல் பிரசாத், முகர்ஜி இருவரும் மிச்சினா மாவட்ட ஓடை ஒன்றிலிருந்து விவரித்த இனத்துக்கு பர்மானிகஸ் என்றே பெயர். பம்பு வைத்து ஓட்டம் உண்டாக்கி, கல் அடுக்கி, பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. வரும் வரும் என்று தூங்கிவிட்டேன். விடிந்தபோது ஐந்தும் பம்பின் வாய்க்கடியில் வரிசையாக, ஓட்டம் வரும் என்று காத்திருந்த மாதிரியே செத்துக் கிடந்தன. அடுத்த தொட்டியில் ஙா கூ சாப்பாடு கேட்டு வட்டமடித்தது. இரண்டும் கெளுத்திதான், இரண்டும் இதே நாட்டுத் தண்ணீர்தான். ஒன்று ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குப் பழகியது. மற்றது குளிர்ந்து, நுரைத்து, ஆக்சிஜன் நிறைந்து ஓடும் தண்ணீரைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதே நேரத்தில் மீனுக்குத் தேவை கூடும். ரங்கூன் கோடையில் பம்பும் நின்றால் இரண்டு பக்கமும் இடி. அதற்குப்பின் மலைமீன் கேட்கும் நண்பர்களிடம், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு வாங்கிவிட்டு வா என்கிறேன். வாங்கி வந்தாலும் வேண்டாம் என்றுதான் மனசு சொல்கிறது. இந்த இனங்களைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைப்பது அரிது, கடைக்கு வருபவை பெரும்பாலும் ஓடையிலிருந்து அள்ளியவை.

அள்ளுவது எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதை 2006-இல் பார்த்தோம். இன்லே ஏரிக்குக் கிழக்கே ஹோபோங் பக்கத்தில் முத்துப் புள்ளியிட்ட ஒரு குட்டி மீனைக் கண்டுபிடித்தார்கள். கெளுத்தியல்ல, டேனியோ வகை. மறுவருடம் பெயர் சூட்டும் முன்பே அது உலகமெங்கும் கடைத் தொட்டிகளில் நீந்தியது. நல்லவேளையாக அது வீட்டுத் தொட்டியிலேயே சுலபமாக முட்டையிடும் மீன். கெளுத்திகளில் அந்த அதிர்ஷ்டம் எல்லாவற்றுக்கும் கிடையாது. கீழ்ச் சிட்டாங் ஆற்றுப் பக்கத்துச் சாக்கா பர்மென்சிஸ் என்ற அகல்வாய்க் கெளுத்திக்கு 1988-இல்தான் பெயரே கிடைத்தது. அடியில் கிடந்தால் அழுகிய தேக்கிலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நாள் முழுக்க அசையாது, வாய்க்கு நேரே மீன் வந்தால் ஒரே விழுங்கு. துணைக்கு வேறு சின்ன மீன் விட்டால் மறுநாள் தேட வேண்டாம்.

கடைப் பெயர்களை நம்பி வாங்குவதுதான் பெரிய சங்கடம். கண்ணாடிக் கெளுத்தி பல பத்தாண்டுகள் தப்பான அறிவியல் பெயரில் உலகம் சுற்றியது. 2013-இல்தான் எங், கோட்டலாட் இருவரும் அது தாய்லாந்தின் தனி இனம் என்று சொல்லி விட்ரியோலஸ் என்று பெயரிட்டார்கள். குட்டிச் சுறா என்று விற்கும் வெள்ளிநிற மீன் சுறா அல்ல, மீகாங் ஆற்றுப் பங்காசியஸ் கெளுத்தி. உள்ளங்கை நீளத்தில் வாங்கினால் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். பாசி தின்னும் என்று விற்கும் தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தியும் அப்படியே. வளர்ந்த பிறகு தொட்டி போதாது, மனசு கேட்காது, ஆற்றில் விட்டுவிடுவார்கள். அங்கே கரையைக் குடைந்து பொந்து போட்டு, வலையைக் கிழித்து, பெருகி நிற்கும்.

இங்கே இன்னொரு வழியும் உண்டு. திஞ்சான் என்ற தண்ணீர்த் திருவிழா முடிந்து புத்தாண்டு பிறந்ததும் மீன் விடுவது பர்மியர்களுக்குப் புண்ணியம். நம் வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு வாளியோடு கூடவே போவார்கள். வற்றும் குட்டையில் தவிக்கும் மீனை எடுத்து அதே பக்கத்து ஆற்றில் விடுவது நல்ல காரியம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கடையில் வாங்கிய பண்ணை ஙா கூவை விடுவது வேறு. பண்ணைகளில் ஒன்றரை மீட்டர்வரை வளரும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும், அதோடு கலந்த கலப்பினமும் புழங்குகின்றன. தாய்லாந்தில் பண்ணைக் கலப்பினத்தின் மரபணு காட்டு மீன்களுக்குள்ளேயே நுழைந்துவிட்டதை ஆய்வுகள் காட்டின. இந்தியா ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பையே தடைசெய்தது. ஙா கூவின் இந்தியச் சொந்தமான மாகூர், அழிவாபத்தில் உள்ள இனம் என்று பட்டியலில் ஏறிவிட்டது. இன்லே ஏரியில் மட்டுமே வாழும் வாளை இனம் ஒன்று உண்டு, 1967-இல் பெயரிடப்பட்டது. அதற்குப் போக வேறு ஏரி இல்லை.

அம்மாவுக்குக் கொடுக்காத அந்த ஒரு ஙா கூ இன்னும் இருக்கிறது, ஒன்றரைச் சாண். மின்சாரம் இருக்கும் இரவுகளில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து "க்ளுக்" என்று காற்று வாங்கும். பம்பு நின்று ஒரு மணி நேரம் ஆனால் இடைவெளி குறையும். ஐந்து நிமிடத்துக்கு வந்துவிட்டால் நான் எழுந்துபோய்ப் பாதித் தண்ணீரை மாற்றுவேன். ஆக்சிஜன் அளக்கும் கருவி வாங்க ஒரு காலத்தில் காசு சேர்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி எட்டு நிமிடம்.