பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் பழைய கட்டடம் தப்பாது

அமெரிக்க நகரம் ஒன்றின் டவுன்டவுனில் நடக்கும்போது, பழைய செங்கல் கட்டடத்தின் சுவரில் வெண்கலப் பட்டயம் கண்ணில் படும். ‘தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இடம்பெற்றது’ என்று அதில் பொறித்திருக்கும். இனி இதன்மேல் யாரும் கைவைக்க முடியாது என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறான நம்பிக்கை. நகரத்தின் சொந்தச் சட்டம் குறுக்கே நிற்காவிட்டால், உரிமையாளர் தன் பணத்தைச் செலவழித்து அந்தக் கட்டடத்தைத் தரைமட்டமாக்கி, கோடு போட்டு, கார் நிறுத்த வாடகைக்கு விடலாம். மத்திய அரசு தடுக்காது.

பதிவேட்டுக்கு அடிப்படை 1966-இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 106-ஆவது பிரிவைத்தான் பலரும் கேடயமாக எண்ணுகிறார்கள். ஒரு திட்டத்தில் மத்திய அரசின் பணமோ, உரிமமோ, அனுமதியோ கலந்திருந்தால், அதனால் வரலாற்றுக் கட்டடங்களுக்கு என்ன நேரும் என்று அதில் தொடர்புள்ள மத்திய அரசுத் துறை ஆராய்ந்து கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆலோசித்த பிறகு இடிக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. தனியார் பணத்தில் போடும் பார்க்கிங் மனைக்கு அந்த ஆலோசனைகூடத் தேவையில்லை. ஆனாலும் 1992-இல் சேர்த்த ஒரு விதி பயனுள்ளது. ஆய்விலிருந்து நழுவுவதற்காக வேண்டுமென்றே முன்கூட்டி இடித்துவிட்டு வருபவருக்கு, மிகச் சில விலக்குகள் தவிர, மத்திய அரசுத் துறைகள் கடனோ உதவியோ அனுமதியோ தரக்கூடாது.

உண்மையான காவல் உள்ளூர்ச் சட்டத்தில்தான் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதைச் சிகாகோ பட்டு அறிந்தது. ஆட்லர், சல்லிவன் என்ற கட்டடக்கலைஞர்கள் இருவரும் 1890-களின் தொடக்கத்தில் வடிவமைத்துக் கட்டிய ஷில்லர் கட்டடம், பிற்காலத்தில் காரிக் அரங்கம் என்று பெயர்பெற்றது. 1960-இல் உரிமையாளர் இடிப்பு அனுமதி கேட்டபோது நகர நிர்வாகம் மறுத்தது. வழக்கு நடந்தது, மேல்முறையீட்டில் உரிமையாளர் வென்றார். கட்டடம் கலைச்சிறப்பு உடையது என்பதை யாரும் மறுக்கவில்லை. அதைக் காரணம் காட்டி மறுக்க நகரத்தின் கையில் வலுவான சட்டம் இல்லை. ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர் தெருவில் நின்று போராடினார். தோற்ற பிறகு உள்ளே போய்ப் படமெடுத்தார், உடைபடும் சுவர்களிலிருந்து சிற்ப வேலைப்பாடுகளைப் பெயர்த்துச் சேமித்தார். 1961-இல் அரங்கம் போயிற்று. அந்த இடத்தில் எழும்பியது கார் நிறுத்தும் கட்டடம். எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறாத கதை இது.

1978-இல் நிலைமை மாறியது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் தொடர்பான வழக்கில், நகரத்தின் பாதுகாப்புச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆகவே இன்று நகரங்களுக்கு அதிகாரம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அதை எவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. சில நகரங்களில் பாதுகாப்பு ஆணையம் இடிப்பை அடியோடு மறுக்கலாம். முறையான பாதுகாப்புத் தகுதி பெறாத கட்டடமென்றால் சில இடங்களில் தாமதிக்க மட்டுமே முடியும்: சிகாகோ 2003-இல் கொண்டுவந்த விதிப்படி, நகரத்தின் வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பில் உயர்ந்த மதிப்பீடு பெற்ற கட்டடங்களுக்கு அதிகபட்சம் 90 நாள். காப்பாற்ற நினைப்பவர்கள் அதற்குள் வாங்க ஆள் தேட வேண்டும், அல்லது நகர மன்றத்தில் அந்தத் தகுதியை வாங்கித் தர வேண்டும்.

உங்கள் நகரச் சட்டத்தில் இரண்டு வாசகங்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஒன்று, புதிய கட்டடத்துக்கு அனுமதி கிடைத்த பிறகே பழையதை இடிக்கலாம் என்பது. இது இருந்தால், ‘பிறகு பார்க்கலாம்’ என்று இடித்துவிட்டு மனையைப் பார்க்கிங்காக விட்டுவைக்க முடியாது. மற்றொன்று, உரிமையாளர் குறைந்தபட்சப் பராமரிப்பையாவது செய்தாக வேண்டும் என்பது. கூரை ஓட்டையை அடைக்காமல், உடைந்த ஜன்னலை மூடாமல் நான்கு மழைக்காலம் விட்டால் உத்தரம் இற்றுப்போகும். பிறகு ‘ஆபத்தான கட்டடம்’ என்று அறிக்கை வரும். அப்படிப்பட்ட அறிக்கை வந்தால், உரிமையாளருடன் தொடர்பில்லாத பொறியாளர் ஒருவரின் கருத்தையும் கேட்கும்படி வலியுறுத்துங்கள்.

நகரத்தின் பார்க்கிங் விதியும் இடிப்புக்குக் காரணமாகலாம். ஒரு காருக்கு, வந்து திரும்பும் பாதையையும் சேர்த்து, ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். கடையின் 300 சதுர அடிக்கு ஒரு கார் இடம் என்று விதி இருந்தால், கடை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய காலிமனை பக்கத்தில் வேண்டும். மனை எங்கிருந்து வரும்? பக்கத்துக் கட்டடத்தை விழுங்கித்தான். பஃபலோ நகரம் 2017-இல் இந்தக் கட்டாயத்தை நீக்கியது. முழுதாக நீக்க முடியாத நகரங்கள், பழைய கட்டடங்களுக்கு மட்டுமாவது விலக்கு அளிக்கலாம்.

பணம்தான் பேச்சு என்றால், உரிமையாளரிடம் சொல்லவும் விஷயம் இருக்கிறது. பதிவேட்டிலுள்ள, வருமானம் தரும் கட்டடத்தை அரசு வகுத்த தரப்படி புதுப்பித்தால், தகுதியான செலவில் 20 சதவீதத்தை மத்திய வருமான வரியில் நேரடியாகக் கழித்துக்கொள்ளலாம், ஐந்து ஆண்டுகளில் சமமாக. 10 லட்சம் டாலர் செலவென்றால் ஆண்டுக்கு 40,000 டாலர். செலவு, வரிக்கணக்கில் கட்டடத்துக்கு (நிலம் நீங்கலாக) உள்ள மதிப்பைத் தாண்ட வேண்டும்; குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு இது கிடையாது. வேலையைத் தொடங்கும் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. இடிப்பவருக்கோ, அந்தச் செலவைக்கூட அந்த ஆண்டு வருமானத்தில் கழிக்க வரிச்சட்டம் இடம் கொடுப்பதில்லை; நிலத்தின் மதிப்போடு சேர்க்க வேண்டியதுதான்.

நகரப் பாதுகாப்புத் தகுதிக்கு யார் விண்ணப்பிக்கலாம், உரிமையாளரின் சம்மதம் வேண்டுமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறுபடும். திட்டமிடல் துறையில் கேட்டால் சொல்வார்கள். கேட்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இடிப்பு அனுமதி நிறுத்திவைக்கப்படுமா? ஆம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் விண்ணப்பத்தில் விழும் தேதி முத்திரை, இடிப்பு விண்ணப்பத்தின் தேதிக்கு முந்தியதாக இருக்கட்டும்.