கிளிப்: ஒரு சொல், மூன்று வேலை

"அந்தக் கிளிப்பைக் கொஞ்சம் முன்னால தள்ளு, அப்புறம் பாரு, கிளிப் ஆகுது, கெய்னைக் குறை." ஒலிப்பதிவு அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இப்படி ஒரு பேச்சு காதில் விழாமல் போகாது. முதலில் வருகிற கிளிப் ஒரு பொருள். திரையில் நீளவாக்கில் கிடக்கிற, உள்ளே அலை வரைந்த கட்டம். இரண்டாவது ஒரு கோளாறு, அதாவது ஒலி அளவு மீறி உடைந்து கரகரக்கிறது; அதனால்தான் கெய்னை, அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்கச் சொல்கிறார். போதாக்குறைக்குச் சட்டையில் சின்ன மைக்கை மாட்டுகிற இடுக்கிக்கும் கிளிப் என்றுதான் பெயர். மூன்றையும் தமிழில் ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டு, "தமிழில் கலைச்சொல் சரியாக அமையவில்லை" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்திலேயே இவை ஒரே சொல் இல்லை. மாட்டுகிற கிளிப், பழைய ஆங்கிலத்தில் தழுவுவதை, இறுகப் பிடிப்பதைக் குறித்த 'கிளிப்பன்' என்ற வினையிலிருந்து வந்தது. வெட்டுகிற கிளிப், பழைய நார்ஸ் மொழியின் 'கிளிப்பா'விலிருந்து வந்தது. அதற்குக் கத்தரிப்பது என்று பொருள். ஒன்று பிடிக்கும், மற்றது வெட்டும். கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பொருள் கொண்ட இரண்டு சொற்கள் காலப்போக்கில் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து நின்றுவிட்டன. (நம் 'கிள்ளு'தான் அங்கே போய்க் கிளிப் ஆனது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிரித்துவிட்டு நகருங்கள். ஓசை ஒத்துப்போவது மட்டும் வேர் ஆகாது.)

ஒலிக்கு வந்தது வெட்டுகிற கிளிப்தான். ஆட்டு மயிரைக் கத்தரிப்பதில் தொடங்கி, செய்தித்தாளிலிருந்து வெட்டி எடுத்த நறுக்குக்குப் போய், திரைப்படச் சுருளிலிருந்து எடுத்த துண்டுக்கு வந்து, அங்கிருந்து ஒலிக்கும் ஒட்டிக்கொண்டது. காந்த நாடாவில் பதிந்த காலத்தில் இந்தப் பெயர் முழுக்கப் பொருந்தியது, ஏனென்றால் அப்போது நிஜமாகவே வெட்டினார்கள். ஸ்டுடியோ நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும், அதாவது ஒரு நொடிப் பாட்டு என்பது ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் நாடா. பாடகர் மூச்சு வாங்கிய கால் நொடியை எடுக்க வேண்டுமென்றால் ஒன்பதரை சென்டிமீட்டரை அளந்து, பிளேடால் சாய்வாக அறுத்து, இரண்டு நுனியையும் ஒட்டுநாடாவால் சேர்க்க வேண்டும். சாய்வாக அறுத்ததற்குக் காரணம் உண்டு. நேராக அறுத்தால் ஒட்டில் 'டிக்' என்று கேட்கும். சாய்ந்த வெட்டில் பழைய ஒலி தேய்ந்து முடிவதற்குள் புதியது ஏறத் தொடங்கிவிடும்.

கணினிக்கு வந்ததும் கதை தலைகீழ். இங்கே கிளிப் என்பது வெட்டப்பட்ட எதுவுமே இல்லை. பதிவான கோப்பு கணினியின் வன்தட்டில் முழுசாக அப்படியே இருக்கும். கிளிப் என்பது, "இந்தக் கோப்பில் இத்தனாவது நொடியிலிருந்து இத்தனாவது நொடி வரை வாசி" என்ற ஒரு குறிப்புச் சீட்டு, அவ்வளவுதான். சிடி தரத்தில் நான்கு நிமிட ஸ்டீரியோ பதிவு சுமார் 40 எம்பி வரும். அதை இருபது கிளிப்பாகப் பிளந்தாலும் அதே 40தான், இருபது சீட்டு மட்டும் கூடும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் 'வெட்டிய' பகுதி திரும்ப வருவதும் இதனால்தான்.

இது புரியாமல் ஒருமுறை நன்றாகப் பட்டேன். நண்பனின் பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி அழகாக அடுக்கி முடித்த பிறகு, மூலக் கோப்பு இனி எதற்கு, இடத்தை அடைக்கிறதே என்று அழித்தேன். அழித்த தொட்டியையும் காலி செய்தேன், அதில் ஒரு பெருமை வேறு. மறுநாள் திறந்தால் எல்லாக் கட்டமும் தன் இடத்தில் இருந்தது, உள்ளே அலை இல்லை. இருபத்தி மூன்று சீட்டு, ஒரு ஒலிகூட இல்லை. நண்பன் மறுபடி வந்து பாடினான், முதல் தடவை போல வரவில்லை.

ஒலித்தொகுப்பு மென்பொருள்களும் திரையில் கிடக்கும் இந்தக் கட்டத்துக்கு ஒரே பெயரில் நிற்பதில்லை. ஆடாசிட்டி, ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ ஆகியவை கிளிப் என்கின்றன. லாஜிக்கும் கராஜ்பேண்டும் ரீஜன் என்கின்றன. ரீப்பர் ஐட்டம் என்கிறது. புரோ டூல்ஸ் நீண்ட காலம் ரீஜன் என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு 2011இல் பத்தாம் பதிப்பில் கிளிப் என்று மாற்றியது. கியூபேஸில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே தடத்தில் கிடக்கும் கட்டம் ஈவென்ட். அதற்குப் பின்னால் கோப்பைச் சுட்டிக்கொண்டிருப்பதுதான் கிளிப். கியூபேஸுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறவர் இதைக் கவனிக்காமல் கை வைத்தால் வாசிக்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒலித்துணுக்கு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, எனக்கு அதில் குறையே இல்லை. துணுக்கு, துண்டு, துணி எல்லாம் ஒரே குடும்பம். துணித்தல் என்றால் வெட்டுதல். நெசவில் வெட்டி எடுத்தது துணி. ஒன்றைத் துணிந்துவிட்டேன் என்றால் முடிவெடுத்துவிட்டேன் என்று பொருள், இந்த வழியா அந்த வழியா என்ற இழுபறியை அறுத்துவிட்டேன் என்பதுபோல. ஆங்கிலத்தின் 'டிசைட்'டும் லத்தீனில் அறுப்பதிலிருந்து வந்ததுதான் என்பது ஒரு சுவாரசியமான ஒற்றுமை.

துணுக்கு என்றால் வார இதழில் பக்கம் நிரப்பப் போடும் குட்டிச் செய்தி ஞாபகத்துக்கு வருகிறதே, ஏழு நிமிடக் குரல் பதிவை எப்படித் துணுக்கு என்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாற்றாகச் சொல்லப்படுபவை இன்னும் சிக்கல். துண்டு என்றால் தோளில் கிடப்பதுதான் முதலில் வருகிறது. ஒலிக்கூறு மொழியியல்காரர்கள் வாசனை அடிக்கிறது. பகுதி என்பதை ரீஜனுக்கு விட்டுவிடலாம். முழுப் பதிவோடு ஒப்பிட்டால் எதுவும் துணுக்குதான் என்று எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

கோளாறாக வரும் 'கிளிப்பிங்'குக்குத் துணுக்கு என்று போடவே கூடாது. கணினி ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறது, அப்படி ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி. 16 பிட் பதிவில் ஒரு மாதிரியின் எண் 32,767க்கு மேல் போக முடியாது. அதைத் தாண்டிய ஒலி வந்தால் எண் அங்கேயே முட்டி நிற்கும், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி கூம்பியிருக்க வேண்டிய அலை மொட்டை மாடியாகிவிடும். கூரையின் உச்சிக்குத் தமிழில் முகடு என்று பெயர் இருப்பதால் இதை முகடு மழுங்கல் என்று சொல்லலாம். மைக்கிலிருந்து பதியும்போதே மழுங்கியது போனது போனதுதான், பிறகு ஒலியைக் குறைத்தால் சின்ன மொட்டை மாடி கிடைக்கும். மென்பொருளுக்குள்ளே 32 பிட் ஃப்ளோட்டில், அதாவது கூரைக்கு மேலேயும் எண்ணுக்கு இடம் விடுகிற முறையில், கலக்கும்போது மட்டும் அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தாலும் குறைத்து மீட்டுவிடலாம். சட்டையில் மாட்டுவதற்குக் கவ்வி போதும்.

வினைச்சொற்களில் பெரிய பாடு இல்லை. ஸ்பிளிட் செய்வதைப் பிளத்தல் என்றும், டிரிம் செய்வதை ஓரம் நறுக்குதல் என்றும், கிராஸ்ஃபேடை இழைத்து மாற்றுதல் என்றும் நான் எழுதுகிறேன். பிளக்கும்போது அலை நடுக்கோட்டைக் கடக்கிற இடமாகப் பார்த்துப் பிளந்தால் 'டிக்' சத்தம் வராது. அப்படி இடம் கிடைக்காவிட்டால், இரண்டு துணுக்கையும் சில மில்லி நொடி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி இழைத்துவிடுங்கள், பழைய பிளேடுக்காரர்கள் சாய்வாக அறுத்துச் செய்த அதே வேலை. இல்லாவிட்டால் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்கிறவர் அந்த இடத்தில் துணுக்குறுவார்.