ரசமட்டம் காட்டும் சிப்பி

கிருஷ்ணகிரியில் கல்லுக்கா பஞ்சம்? கிரானைட் பட்டறை வாசலெல்லாம் உடைந்த பலகைதான். ஆனால் எத்தனை பலகையைப் புரட்டினாலும் ஒரு சிப்பி கிடைக்காது. இந்த வட்டாரப் பாறைகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 250 கோடி ஆண்டு பழையவை, ஆழத்தில் வெந்து இறுகியவை. சிப்பி என்ற உயிரே அப்போது தோன்றியிருக்கவில்லை. ஒகேனக்கல் பக்கம், சுண்ணாம்புக்கல் போலவே அமிலம் பட்டால் நுரைக்கிற கார்பனடைட் என்ற பாறை உண்டு. அதுவும் எரிகுழம்பில் வந்ததுதான், கடலில் படிந்ததல்ல.

அதனால் என் மேசையில் இருக்கும் சுண்ணாம்புக்கல் வெளியூர்ச் சரக்கு. திருச்சி மாவட்டக் கல்லக்குடியிலிருந்து நண்பர் கொண்டுவந்தது. 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கடல் இருந்தது. பவளமும் சுண்ணாம்புப் பாசியும் அந்தக் கல்லில் அப்பிக் கிடக்கின்றன.

இதை வைத்து அந்தக் கடல் எப்படி இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போச்சம்பள்ளிச் சந்தை கலைந்த மறுநாள் அந்தத் திடலில் நடந்து பாருங்கள். ஆட்டுப் புழுக்கை ஒரு மூலையில், முட்டைக்கோஸ் இலை இன்னொரு பக்கம். எங்கே எந்தக் கடை இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் காற்றில் பறந்து வந்த இலையை நம்பினால் ஏமாந்து போவோம். வளையல் கடையோ தடயமே விட்டிருக்காது. பவளத்திட்டிலும் அப்படித்தான்: ஜெல்லிமீனும் புழுவும் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

ஆகவே முதல் கேள்வி, இந்த உயிர் இங்கேயே வாழ்ந்ததா, அடித்து வரப்பட்டதா? வேர்ப்பாகம் கீழே ஒட்டி நிமிர்ந்து நிற்கும் பவளம் உள்ளூர்க்காரன். முறிந்து, முனை மழுங்கி, தலைகீழாகக் கிடப்பது அலை கொண்டுவந்தது.

அடுத்து உருவம். பொதுவாக மெல்லிய கிளை என்றால் அமைதியான நீர், குண்டுத் திரளை என்றால் அலையடிப்பு, தட்டுப்போல் விரிந்திருந்தால் வெளிச்சம் குறைந்த ஆழம். இதற்கு விதிவிலக்குகள் ஏராளம். அதனால் ஒரே பவளத்தின் சாட்சி செல்லாது. அக்கம்பக்கத்தையும் விசாரிக்க வேண்டும். பாசி இருந்தால் அங்கே வெயில் எட்டியிருக்கிறது. இடுக்கில் நைசான சேறு இருந்தால் நீரோட்டம் மந்தம்; சேறு கழுவப்பட்டுச் சிப்பித் துகள் மட்டும் நின்றால் அலை பலம். ஆய்வாளர்கள் சுரங்கச் சுவரில் டேப்பை நீட்டி, இத்தனை செ.மீ.க்கு ஒரு புள்ளி என்று வைத்து, அதனடியில் இருப்பது பவளமா, பாசியா, சேறா என எண்ணுகிறார்கள். இன்றைய பவளத்திட்டில் முக்குளிப்பவர்களும் இப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த தடயம் வேறு. செத்த சிப்பிக்குள் சேறு பாதிவரை இறங்கிச் சமமாகப் படியும். மேலே எஞ்சிய வெற்றிடத்தில் பிறகு கால்சைட் என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் படிகம் வளரும். இரண்டும் சந்திக்கும் கோடு, கொத்தனாரின் ரசமட்டம் போல, அன்றைய கிடைமட்டத்தைக் காட்டும். கல்லை எப்படித் திருப்பி வைத்தாலும் மேல் எது, கீழ் எது என்று தெரிந்துவிடும்.

என் கல்லில் அப்படி மூன்று சிப்பிகள் உண்டு. லென்ஸில் பார்த்தால் இரண்டின் கோடு ஒரே போக்கில் இருக்கிறது. மூன்றாவது மட்டும் சாய்ந்திருக்கிறது. உள்ளே சேறு இறுகிய பிறகு ஏதோ ஒன்று அதைப் புரட்டிப் போட்டிருக்கிறது.