மனநலச் சிகிச்சை: மலைக்கும் மொழிக்கும் சாதிக்கும் அப்பால் சட்டம் தரும் உரிமைகள்

சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கி, அங்கிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினால் ஒரு நாள் போய்விடும். மாத்திரைக்குக் காசு இல்லைதான். ஆனால் அன்றைய கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. இரண்டு மாதம் போவார்கள். மூன்றாவது மாதம் பக்கத்திலேயே குறி கேட்டுக்கொள்வார்கள். இதை அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. பஸ் நேரத்தைப் பார்த்த பிறகு எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை.

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்த அலைச்சலைப் பற்றியே பேசுகிறது. அதன் 18ஆம் பிரிவின்படி, மனநலச் சேவை வசிப்பிடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். யாரையும் நெடுந்தூரம் அலைய வைக்கக் கூடாது. சாதி, மதம், பாலினம், பண்பாடு, வர்க்கம், ஊனம் என எதைக் காட்டியும் பாகுபாடு கூடாது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை முற்றிலும் இலவசம். அதற்கான அட்டை கையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், வட்டார அளவிலான மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும். 'இருப்பு இல்லை, மாவட்டத் தலைநகருக்குப் போங்கள்' என்பது சட்டத்தில் இல்லாத பதில்.

அதிகம் பேசப்படாதது 3ஆம் பிரிவு. ஒருவர் இன்ன இனம், இன்ன கூட்டம் என்பதற்காகவோ, ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காகவோ அவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது. சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்குப் 'புத்தி பேதலித்துவிட்டது' என்று சொல்லி மருத்துவமனைக்கு இழுத்து வரும் உறவினர்கள் இதைப் படிப்பது நல்லது. கோயிலுக்குப் போவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு தடை செய்கிறது. ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பற்றிய தீயில் 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்ததற்குக் காரணமே கால்சங்கிலிதான்.

அடுத்தது மொழி. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுபவர்கள் ஏராளம். மனக்கஷ்டத்தை இரண்டாம் மொழியில் சொல்வது வயிற்றுவலியைச் சொல்வது போல இல்லை. நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்குவது பொறுப்பு மருத்துவரின் கடமை என்கிறது 22ஆம் பிரிவு.

மொழி இருந்தாலும் நம்பிக்கை வேண்டுமே. சித்தேரி மலையடிவார வாச்சாத்தியில் பழங்குடி மக்கள்மீது அரசு அதிகாரிகள் அந்தக் கொடுமையை நடத்தியது 1992இல். தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023இல். அந்த மலையடிவாரத்தில் அரசு வண்டியைக் கண்டு மக்கள் ஒதுங்கி நின்றால் வியப்பில்லை.

இங்கிலாந்திலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. அங்கே மனநலச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக அடைக்கப்படுபவர்களின் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களிடம் மூன்று மடங்குக்கும் மேல். அதனால் அரசு மனநல மருத்துவ அமைப்புகள் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டே திட்டமிட வேண்டும் என்ற ஏற்பாட்டை 2023இல் அங்கே கொண்டுவந்தார்கள்.

நம் சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. ஆறு பேர் கொண்ட மனநல மறுஆய்வு வாரியத்தில் இரண்டு இருக்கைகள் மனநோய் உள்ளவர்கள், பராமரிப்பவர்கள், அவர்களுக்காக இயங்கும் அமைப்பினர் போன்றோருக்கானவை. அந்த இருக்கைகளில் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணோ இருளர் இளைஞரோ உட்கார்ந்தால் என்ன என்று நம் பழங்குடிச் சங்கங்கள் கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை உள்ளூர்ப் பெண் ஒருவரே வீட்டுக்குக் கொண்டுவந்து தர முடியுமானால், மனநல மாத்திரைக்கும் அதே வழியைக் கிராம சபையில் தீர்மானமாகக் கேட்கலாம்.

குறை இருந்தால் முதலில் அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடமும், தீராவிட்டால் மறுஆய்வு வாரியத்திடமும் புகார் செய்யலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. மனநல ஆலோசனைக்கு எந்நேரமும் 14416; தமிழிலேயே பேசலாம்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோய் முற்றிய வேளையில் நம் சார்பில் பேச ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம். அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் மொழி தெரிந்த, நாம் நம்பும் வயதுவந்தவர் யாராகவும் இருக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதலையும் வாங்கிக்கொண்டால் போதும். முத்திரைத்தாள் வேண்டும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.