துய்ப்புத் தரம்: 'குவாலிட்டி ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் எதிர்வீட்டு அம்மாளின் மகன் துபாயில் வேலை செய்கிறான். ஞாயிறுதோறும் காணொளியில் அழைப்பான். "முகம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அவனோடு பேசிய மாதிரியே இல்லை" என்று ஒரு நாள் குறைப்பட்டார். இணைய இணைப்பு கொடுத்தவர் வந்து வேகத்தை அளந்து பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இருவர் சொன்னதும் உண்மைதான். இணைப்புக்காரர் அளந்தது சேவைத் தரம், அதாவது 'குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்'. அந்த அம்மாள் சொன்னது 'குவாலிட்டி ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'. நம் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயின் எடையைத் தராசு சொல்லிவிடும். ருசியை நாக்குதான் சொல்ல வேண்டும்.

ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2007இல் இதற்கு வரையறை தந்தது: ஒரு சேவை, பயன்படுத்துபவரின் உணர்வில், மொத்தத்தில் எந்த அளவுக்கு ஏற்புடையதாக இருக்கிறது என்பது. பின்னர் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதைத் திருத்தி, பயன்படுத்துபவருக்கு உண்டாகும் மகிழ்ச்சி அல்லது எரிச்சலின் அளவு என்றார்கள். 'எரிச்சல்' என்ற சொல் வரையறைக்குள் வந்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது.

'குவாலிட்டி' என்பதே ஒரு காலத்தில் மொழிபெயர்ப்புச் சொல்தான். கிரேக்கத் தத்துவச் சொல் ஒன்றுக்கு ஈடாக ரோமானிய அறிஞர் சிசரோ இலத்தீனில் 'குவாலிடாஸ்' என்று ஆக்கினார். 'எத்தகையது' என்ற கேள்வியே அதன் வேர். 'எக்ஸ்பீரியன்ஸ்' என்பதன் வேருக்கு 'முயன்று பார்த்தல்' என்று பொருள். தரம் என்ற சொல்லைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தைத் தரம் பிரித்திருக்கிறார்கள். வருவாய்த் துறைப் பதிவேடுகளிலும் அச்சொல் உண்டு.

சிக்கல் அடுத்த சொல்லில்தான். 'அனுபவத் தரம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அனுபவம் என்றாலே இன்று வேலை விளம்பரத்தில் கேட்கும் 'மூன்றாண்டு அனுபவம்' நினைவுக்கு வருகிறது. 'நுகர்வுத் தரம்' கடைவீதிக்கு இழுத்துச் செல்கிறது. 'உணர்தரம்' அழகாக இருந்தாலும் கண்ணும் காதும் அறிவதோடு நின்றுவிடுகிறது. எதிர்பார்ப்பும் மனநிலையும் அதில் அடங்கவில்லை.

நான் பரிந்துரைப்பது 'துய்ப்புத் தரம்'. "செல்வத்துப் பயனே ஈதல், துய்ப்பேம் எனினே தப்புந பலவே" என்ற புறநானூற்று அடிகளில் (189) துய்த்தல் என்பது இன்பத்தை அனுபவிப்பது. ஆனால் வினைப்பயனைத் துய்த்தல் என்றும் சொல்கிறோமே, அதில் துன்பமும் சேர்ந்தே வருகிறது. மகிழ்ச்சியையும் எரிச்சலையும் ஒரே சொல்லில் தாங்க இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை. சொல் பழையதாக ஒலிக்கிறது என்பார்கள். 'கணினி'யும் முதலில் அந்நியமாகத்தான் ஒலித்தது.

துய்ப்புத் தரத்தை அளக்க ஆட்களை உட்கார வைத்து, படமும் ஒலியும் காட்டி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டுச் சராசரி எடுப்பார்கள். இத்தகைய சோதனைகளில் தெரிந்த ஒன்று வியப்பானது. உதட்டசைவுக்கு 45 மில்லிநொடி முந்தி ஒலி வந்தாலே நமக்கு உறுத்தத் தொடங்குகிறது. பிந்தி வந்தால் சுமார் 125 மில்லிநொடி வரை தெரிவதில்லை. திருவிழா வாணவேடிக்கையில் வெளிச்சம் முன்னும் ஓசை பின்னும் வந்து நாம் பழகியிருப்பதே இதற்குக் காரணம் என்பார்கள். எந்த வேகமானியும் இதைக் காட்டாது.

மதிப்பெண்களுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ஐந்து 'அருமை', நான்கு 'நன்று', இரண்டு 'மோசம்', ஒன்று 'மிக மோசம்'. நடுவில் உள்ள மூன்றுக்கு? 'சுமார்' என்றால் தமிழ்க் காதுக்குக் குறை சொல்வது போல் கேட்கிறது. 'பரவாயில்லை' என்றால் பாராட்டுப் பக்கம் சாய்கிறது. போன ஞாயிறு அழைப்பு முடிந்ததும் எதிர்வீட்டு அம்மாளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். படம் இரண்டு முறை உறைந்து நின்றதாம். "பரவாயில்லை" என்றார். பேரக்குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததை அன்றுதான் பார்த்திருக்கிறார்.